பீரோவில் இருந்த கேமராவும் கல்யாண வீட்டு கேமராவும்

செங்கோட்டை, புளியரைப் பக்கத்தில் பழைய கேமரா வாங்கப் போகிறவர் விற்பவரிடம் முதலில் கேட்பது, இதில் எத்தனை படம் எடுத்திருக்கிறீர்கள் என்பதைத்தான். குறைவாக எடுத்திருந்தால் புதிது போன்றது, நிறைய எடுத்திருந்தால் தேய்ந்துபோனது என்பது நம்முடைய கணக்கு. மழை குறைந்த ஊர்களில் இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரலாம். ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து இறங்குகிற எங்கள் பக்கத்திலும், மலைக்கு அப்பால் தென்மலை, புனலூர், பத்தனாபுரம் என்று கேரளத்துக்குள் போகிற வழியெங்கும், அந்தக் கேள்வியை இரண்டாவதாகக் கேட்டால் போதும். இத்தனை நாளும் இதை எங்கே, எப்படி வைத்திருந்தீர்கள் என்பதே இங்கே முதல் கேள்வி. அன்றாடம் வீட்டிலும் தெருவிலும் படம் எடுப்பதற்காக நான் பழைய கேமரா தேடி அலைந்த காலத்தில் உறுதிப்பட்ட விஷயம் இதுதான்.

என்னுடைய தேவை சிறியது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டுவது, மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவது, சாரல் விழும் நாளில் எங்கள் தெரு, பண்பொழி பக்கத்து வயல்கள் ஆகியவற்றை எடுத்து, அவற்றில் சிலவற்றை அச்சுப் போட்டு வைக்க வேண்டும். கையில் உள்ள போனும் படம் எடுக்கத்தான் செய்கிறது. ரசீதுக்கும் கோலத்துக்கும் அதுவே வசதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாலை வெளிச்சத்தில் ஒரு முகத்தை எடுக்கும்போது போன் தானாகச் செய்கிற பூச்சு வேலை எனக்குப் பிடிப்பதில்லை. லென்சோடு சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும் என்று வரம்பு வைத்துக்கொண்டேன். அந்த விலைக்கு லென்ஸ் மாற்றக்கூடிய புது கேமரா கிடைக்காது. உலகம் முழுவதும் விற்பனைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்களின் எண்ணிக்கை 2010ஆம் ஆண்டில் ஏறத்தாழ 12 கோடியைத் தொட்டு, அதன் பிறகு போன்களால் சரிந்தது. மலிவான புது மாதிரிகள் அந்தச் சரிவில் அருகிப்போயின. அதே நேரத்தில் கல்யாணப் படம் எடுப்பவர்கள் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமராக்களுக்கு மாறியதால், ஒரு காலத்தில் எட்டாத விலையில் இருந்த, அந்தக் கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் இப்போது கை எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன.

எங்கள் எல்லைப் பகுதியில் பழைய கேமரா பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் வீட்டு பீரோ. அங்கிருந்து ஆசையாக வாங்கி வந்து, ஒரு குழந்தையின் பெயர் சூட்டும் விழாவுக்கும் ஒரு ஓணத்துக்கும் எடுத்துவிட்டு, உறையோடு உள்ளே வைத்தவை அவை. மற்றொன்று, கேரளத்துக் கல்யாண ஸ்டுடியோக்கள். இரண்டு வகையையும் நான் பார்த்தேன், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை லென்சுக்குள் டார்ச் அடித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பீரோ கேமரா பார்வைக்கு அவ்வளவு அழகாக இருந்தது. பாடியில் ஒரு கீறல் இல்லை. பின்புறத் திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படவில்லை. இரண்டாயிரம் படங்கள்கூட எடுக்கப்படாத கேமரா அது. தோல் பையின் ஜிப்பைத் திறந்ததும் மழைக்காலத்தில் மடித்து வைத்த துணியிலிருந்து வருகிற வாடை வந்தது. லென்சைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பார்த்தேன். விளிம்பிலிருந்து நடுப்பகுதியை நோக்கி வெள்ளை இழைகள் கிளைகிளையாகப் பிரிந்து, சிலந்தி நூல் போல் கண்ணாடியின் உட்புறத்தில் பரவியிருந்தன. நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாத அதே லென்ஸ், வெளிச்சத்தைச் சாய்த்ததும் தன் கதையைச் சொல்லிவிட்டது. வீட்டுக்காரருக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. அவர் என்னை ஏமாற்ற நினைத்தவர் அல்ல.

இதைத்தான் ஃபங்கஸ் என்று கேமராக்காரர்கள் சொல்கிறார்கள். பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் இருப்பவைதான். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நீண்ட நாள் நீடித்து, கூடவே இருட்டும் காற்றோட்டமில்லாத அடைப்பும் சேர்ந்துகொண்டால், கண்ணாடி மேல் உள்ள தூசியையும் எண்ணெய்ப் பசையையும் உணவாகக் கொண்டு அவை முளைத்துவிடும். வளரும்போது வெளியிடுகிற அமிலம், லென்ஸ் மேலுள்ள மெல்லிய பூச்சை அரித்துவிடுகிறது. ஆரம்ப நிலையில் சர்வீஸ் செய்பவர் லென்சைப் பிரித்துத் துடைத்துவிட முடியும். பூச்சு அரித்த பிறகு துடைத்தாலும் தடம் போகாது. வெயிலுக்கு எதிராக எடுக்கும் படம் வெளுத்து, கருமை கருமையாக இல்லாமல் போவதற்கு இது ஒரு காரணம். ஒரு லென்சில் உள்ள ஃபங்கஸ் பக்கத்து லென்சுக்குத் தொற்றிவிடும் என்பது பாதி உண்மைதான், ஏனென்றால் ஒன்றை முளைக்க வைத்த அதே ஈரம் மற்றதையும் முளைக்க வைக்கும். என்றாலும் அப்படிப்பட்ட லென்சை மலிவு என்பதற்காக வாங்கி, நல்ல லென்சோடு ஒரே பெட்டியில் வைப்பதை நான் தவிர்க்கவே சொல்வேன்.

டார்ச் அடித்துப் பார்ப்பதில் ஒரு முறை இருக்கிறது. லென்சுக்குள் ஒளி புகும் துளையான அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்; பழைய நிக்கான் லென்ஸ்களில் பின்னால் உள்ள சிறு நெம்பை விரலால் மெல்லத் தள்ளினால் இதழ்கள் திறக்கும். ஒளியை நேராகப் பாய்ச்சினால் தூசிகூடப் பயங்கரமாகத் தெரியும், அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பத்து வருடப் பழைய லென்சில் தூசி இல்லாதிருந்தால்தான் யாராவது பிரித்திருக்கிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும். தூசி புள்ளியாக இருக்கும், ஃபங்கஸ் கிளை விடும், உள்ளே எண்ணெய் ஆவியால் படிகிற மங்கல் புகை படர்ந்த மாதிரி எங்கும் ஒரே சீராக இருக்கும். மூன்றையும் பிரித்தறியக் கண் பழகிவிட்டால் மற்ற சோதனைகள் சுலபம். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா, நெம்பை விட்டதும் இதழ்கள் சட்டென்று திரும்புகின்றனவா, லென்ஸ் பாடியோடு பொருந்தும் வளையமான மவுண்டில் உள்ள திருகாணித் தலைகள் சிதைந்திருக்கின்றனவா என்பதையும் அதே வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். தலை சிதைந்த திருகாணி, யாரோ சரியான ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் திறந்திருக்கிறார் என்பதற்குச் சாட்சி.

நான் வாங்கிய கேமரா புனலூரில் ஒரு கல்யாண ஸ்டுடியோக்காரரிடமிருந்து வந்தது. நிக்கான் டி90, 2008ஆம் ஆண்டு வெளிவந்த மாதிரி. கைப்பிடி வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது, ஃபிளாஷ் செருகும் இடத்தில் கறுப்புச் சாயம் போய் உலோகம் தெரிந்தது, மூலைகளில் சிராய்ப்பு. "ஓட்டம் கூடுதல்தான் சாரே, ஆனா ஒரு மழைக்காலத்துலகூட இத சும்மா போட்டு வெச்சது இல்ல" என்றார் அவர். "எங்க வெச்சிருப்பீங்க சேட்டா?" என்று கேட்டபோது, ஸ்டுடியோவின் உள்ளறையில் இருந்த மர அலமாரியைத் திறந்து காட்டினார். அடித்தட்டில் ஒரு ஜீரோ வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் துளையிட்ட பலகை. அதற்கு மேல் தட்டுகளில் கேமராக்களும் லென்ஸ்களும். உள்ளே கை வைத்தால் லேசான வெதுவெதுப்பு. பல்பின் சூடு அலமாரிக் காற்றை வெளிக்காற்றைவிட ஓரிரு டிகிரி உயர்த்தி வைப்பதால் ஈரப்பத அளவு குறைந்துவிடுகிறது. ஈரத்தைத் தானே குறைக்கும் விலை உயர்ந்த பெட்டியான டிரை கேபினட் வருவதற்கு முன்பே இந்தப் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் கைக்கொண்ட வழி இது. அந்த அலமாரியைப் பார்த்ததும், கேமராவைக் கையில் வாங்குவதற்கு முன்பே பாதி முடிவு எடுத்துவிட்டேன்.

டார்ச் அடித்ததில் லென்சுக்குள் சில தூசிப் புள்ளிகளைத் தவிர எதுவும் இல்லை. ஷட்டர் கவுண்ட், அதாவது படம் எடுக்க ஷட்டர் திரை இதுவரை இயங்கிய எண்ணிக்கை, அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. டி90இன் ஷட்டர் ஒரு லட்சம் முறை இயங்குமாறு சோதிக்கப்பட்டது என்பது நிறுவனம் தரும் விவரம். அந்த எண்ணைத் தொட்டதும் நின்றுவிடும் என்று பொருளில்லை, அதற்கு முன்னால் நிற்கவே நிற்காது என்றும் பொருளில்லை. வீட்டுக்காக எடுக்கிறவன் வருடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் படம் எடுத்தால் அதிகம். அந்தக் கணக்குப்படி மீதமுள்ள ஏறத்தாழ நாற்பதாயிரம் எனக்குப் பத்து வருடத்துக்குக் காணும். நிக்கான் கேமராக்களில் இந்த எண்ணிக்கை ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் கேமரா எழுதி வைக்கும் எக்சிஃப் விவரத்தில் பதிவாகிறது. அங்கேயே ஒரு படம் எடுத்து, அந்த மூலக் கோப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். கேனனில் பெரும்பாலான மாதிரிகள் அதைப் படத்தோடு எழுதுவதில்லை, கேமராவைக் கேபிளில் கணினியோடு இணைத்து, அதற்கென்று உள்ள மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். படத்தின் கோப்பு எண்ணைக் காட்டி, இவ்வளவுதான் எடுத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் நம்ப வேண்டாம். அது 9999க்குப் பிறகு மறுபடி தொடக்கத்துக்கே திரும்பிவிடும்.

பாடியைச் சோதிப்பதற்கு நல்ல பகல் வெளிச்சமும் ஒரு வெள்ளைச் சுவரும் இருந்தால் போதுமானது. அப்பர்ச்சரை எஃப் 16க்குச் சுருக்கி, ஃபோகஸை வேண்டுமென்றே குலைத்து, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்தால் ஒளியைப் படமாக்கும் சென்சார் மேல் உள்ள அழுக்கு கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். இது துடைத்தால் போகிற குறை, விலை பேச உதவும், வாங்காமல் விடுவதற்குக் காரணமாகாது. லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டுச் சில வினாடி எக்ஸ்போஷரில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால், பழுதாகி எப்போதும் ஒளிர்கிற பிக்சல்கள் வண்ணப் பொட்டுகளாகத் தெரியவரும். ஷட்டரை அதன் உச்ச வேகத்தில் வைத்து, டி90 என்றால் 1/4000 வினாடியில், வெளிறிய வானத்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். படத்தின் ஒரு பக்கம் மட்டும் இருண்டிருந்தால் ஷட்டர் திரை தளர்ந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டதை எந்த விலைக்கும் தொடக்கூடாது. பேட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் வைத்து மறுபடி போடும்போது தேதி அழிந்திருந்தால், உள்ளே உள்ள சிறு கடிகார பேட்டரி போய்விட்டது. அல்லது கேமரா நெடுநாள் தூங்கியிருக்கிறது. பீரோ கேமராவில் தேதி அழிந்துதான் இருந்தது. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாகத் தெரியும் தூசி படத்தில் வராது, ஆகவே அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

எந்த மாதிரி என்பதில் எனக்குச் சிறிது குழப்பம் இருந்தது உண்மை. அதே விலைக்கு, நாலு வருடம் பிந்தி வந்த நிக்கான் டி3200 கிடைத்தது. அதில் 24 மெகாபிக்சல், டி90இல் 12 தான். ஆனால் டி90 தருகிற 4288க்கு 2848 பிக்சல் படத்தை ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அச்சிட்டால் 14 அங்குல நீளத்துக்கு மேல் வருகிறது. எங்கள் வீட்டுச் சுவரில் 12க்கு 8 அங்குலத்தைவிடப் பெரிய படம் மாட்டுவதற்கு இடமில்லை. மாறாக, டி90இல் இரண்டு திருகு சக்கரங்கள், மேலே ஒரு சிறு திரை, பளிச்சென்ற வியூஃபைண்டர், எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பாடிக்குள்ளேயே ஒரு ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தைக் கவனிக்காமல் நிக்கான் வாங்குகிறவர்கள் பிறகு வருத்தப்படுகிறார்கள். டி40இலிருந்து தொடங்கி டி3000, டி5000 வரிசை மாதிரிகளில் அந்த மோட்டார் கிடையாது, தனக்குள் மோட்டார் இல்லாத ஏ.எஃப்.-டி வகைப் பழைய லென்ஸ்களை அவற்றில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நல்ல லென்ஸ்கள் பெரும்பாலும் அந்த வகைதான். 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்சை நான் டி90இல் மாட்டும்போது உள்ளே மோட்டார் கர்ரென்று சுழல்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போனது. கேனனில் இந்தத் தொல்லை இல்லை. 1987இல் வந்த இ.எஃப். மவுண்டிலிருந்தே ஃபோகஸ் மோட்டார் லென்சுக்குள் வைக்கப்பட்டிருப்பதால், கேனன் 450டி, 550டி போன்றவற்றுக்கு லென்ஸ் தேடுபவர் இதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

சாரல் காலத்தில் எங்கள் ஊரில் பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கிவிடும். அந்த நேரத்தில் கேமராவோடு வருகிற கிட் லென்ஸ் திணறும், துளை அகலமாகத் திறக்கும் எஃப் 1.8 லென்ஸ் தாராளமாக வேலை செய்யும். டி90இல் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. அளவை 1600 வரை நான் தயங்காமல் வைக்கிறேன், அதற்கு மேல் படத்தில் புள்ளி தட்டுகிறது. ஆகவே பழைய கேமரா வாங்குகிறவரிடம் பணம் இறுக்கமாக இருந்தால், பாடியில் ஒரு தலைமுறை பின்னால் போய், மிச்சப்படுத்திய தொகையை லென்சில் போடுங்கள் என்றே சொல்வேன்.

கார்டும் பேட்டரியும் சின்ன விஷயம்போல் தோன்றும், ஆனால் மலிவாகக் கிடைத்த கேமராவை மூலையில் போட வைப்பவை இவைதான். பழைய கேமராக்களில் புழங்கும் எஸ்.டி. கார்டில் மூன்று தலைமுறை உண்டு: 2 ஜி.பி. வரை சாதாரண எஸ்.டி., 32 ஜி.பி. வரை எஸ்.டி.ஹெச்.சி., அதற்கு மேல் எஸ்.டி.எக்ஸ்.சி. இருபது வருடத்துக்கு முந்திய கேமராக்கள் பலவும் முதல் வகையை மட்டுமே படிக்கும். அந்தக் கார்டு இப்போது கடையில் எளிதில் கிடைப்பதில்லை. சி.எஃப். என்ற வேறு வகைக் கார்டு போடும் கேமரா என்றால், கார்டு நுழையும் இடத்தில் டார்ச் அடித்து, உள்ளே உள்ள ஊசிகளில் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனது கேமராவுக்குரிய இ.என்-இ.எல்.3இ பேட்டரி டி80, டி200, டி300, டி700 எல்லாவற்றுக்கும் பொதுவானது என்பதால் மாற்று பேட்டரி சுலபமாகக் கிடைத்தது. பேட்டரியின் வயதை 0 முதல் 4 வரை கேமராவே மெனுவில் காட்டும். உப்பிய பேட்டரியை மட்டும் சார்ஜில் போடவே கூடாது.

இப்போது இளைஞர்கள் தேடுகிற 2000ஆம் ஆண்டுக் காலத்து, சி.சி.டி. என்ற பழைய வகை சென்சார் கொண்ட சின்ன கேமராக்களைப் பற்றியும் என்னிடம் கேட்கிறார்கள். நிறம் தனியாக இருக்கிறது என்பதில் பாதிக்கு மேல் ஆசைதான் என்பது என் எண்ணம். வெளியே நீண்டு உள்ளே மடங்கும் லென்ஸ் மாட்டிக்கொண்டால் அவற்றைச் சரிசெய்ய ஆள் கிடைப்பதில்லை, எக்ஸ்.டி. என்ற வேறு வகைக் கார்டு கேட்கும் மாதிரி என்றால் விட்டுவிடுவது நல்லது. ஃபிலிம் கேமரா தனி உலகம். பின்கதவு ஓரத்துக் கறுப்பு ஸ்பாஞ்ச் பிசுபிசுத்துப் போயிருந்தால் வெளிச்சம் கசியும் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

விலை பேசும்போது புனலூர்க்காரரிடம் நான் அதிகம் இழுபறி செய்யவில்லை. சார்ஜர், ஒரு கூடுதல் பேட்டரி, பழைய பில்லின் நகல் ஆகியவற்றைக் கேட்டு வாங்கினேன். பில் இல்லாதபோது, பாடியின் அடியில் உள்ள சீரியல் எண்ணையும் இரு தரப்புப் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது, பிறகு அது திருட்டுப் பொருள் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல உதவும். அடியில் உள்ள எண் சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு வைக்கிற இடம்தான் கேமராவின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. தோல் பை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதை வெயிலில் காயவைத்துப் பரணில் போட்டுவிட்டேன். அரிசிப் பானையில் புதைத்து வைக்கச் சொல்வார்கள். அரிசி மாவு லென்ஸ் வளையத்துக்குள் போகும். அந்துருண்டை போட்டால் அதன் ஆவி கண்ணாடியில் படியும். காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஒரு சிறு ஈரப்பதமானி, துணிப் பையில் சிலிகா ஜெல் ஆகியவைதான் என் ஏற்பாடு. முள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் போதும்; மிகவும் வறண்டுவிட்டால் ரப்பருக்கும் உள்ளே உள்ள எண்ணெய்க்கும் ஆகாது. நீல நிறச் சிலிகா ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாக மாறும், மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த நீலம் கோபால்ட் குளோரைடிலிருந்து வருகிறது, அது நஞ்சு. ஆகவே அதற்கென்று ஒரு பழைய சட்டியை ஒதுக்க வேண்டும், சமையல் வாணலியில் வறுக்கவே கூடாது. ஆடி மாதத்தில் எங்கள் வீட்டு ஜெல் சீக்கிரமே நிறம் மாறிவிடுகிறது, பங்குனியில் மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது. குற்றாலத்திலிருந்து நனைந்து வந்தால், துடைத்து, மின்விசிறிக் காற்றில் வைத்துக் காய்ந்த பிறகே டப்பாவுக்குள் வைக்கிறேன். ஈரத்தோடு உள்ளே வைத்து மூடுவது ஃபங்கசுக்கு விருந்து வைப்பதற்குச் சமம்.

என் மைத்துனர் இப்போது கொட்டாரக்கரையில் ஒரு டி7000 பார்த்து வைத்திருக்கிறார். 2010இல் வந்த மாதிரி, ஷட்டர் ஒன்றரை லட்சத்துக்குச் சோதிக்கப்பட்டது, பாடிக்குள் மோட்டார் உண்டு, நல்ல தேர்வுதான். ரயில் ஏறுவதற்கு முன்பாக விற்பவரிடம் இரண்டு விஷயங்களைக் கேட்கச் சொன்னேன். லென்சுக்குப் பின்னால் டார்ச் அடித்து, மெல்லச் சாய்த்தபடி எடுத்த ஒரு வீடியோ வேண்டும். அன்றைக்கே எடுத்த ஒரு படத்தின் மூலக் கோப்பு வேண்டும். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் சுருங்கி, எக்சிஃப் விவரமும் கவுண்ட்டும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும்.